தவ்பா: திரும்பி வருதல்



நோன்புப் பெருநாள் வந்தால் நம் ஜித்ராவில் வீட்டுக்கு வீடு ஒலிக்கும் தொடர் ஒன்றுண்டு: ‘மாஆஃப் ஸாஹிர் டான் பாத்தின்’. வெளிப்படச் செய்த பிழையையும் உள்ளத்தால் செய்த பிழையையும் பொறுத்தருள்க என்பது அதன் பொருள். சொல்லிப் பழகிய வாய்க்கு அதன் கனம் தெரிவதில்லை. பாவம் செய்துவிட்ட ஒருவர் குற்றவுணர்விலிருந்து மீள இஸ்லாம் காட்டும் வழி யாது என்பதைச் சொற்களின் துணைகொண்டு இன்று ஆராய விழைகிறேன்.

‘தவ்பா’ என்னும் அறபுச் சொல்லின் வேர்ப்பொருள் திரும்புதல் என்பதாகும். வழி தவறியவன் வந்த பாதையில் மீள்வதைப் போன்றது அது. மலாய் மொழியில் அது ‘தௌபாட்’ என வழங்குகிறது. ‘மஃபிரத்’ என்னும் சொல்லோ மூடிக் காத்தலைக் குறிக்கும். போர்வீரன் அணியும் தலைக்கவசத்தின் பெயரும் அதே வேரில் பிறந்ததே. தமிழில் நாம் ‘பொறுத்தல்’ என்கிறோம். சுமை தாங்குவதும் பொறுத்தலே, பிழையை மன்னிப்பதும் பொறுத்தலே. திருவள்ளுவரும் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். தன் குற்றத்தைத் தானே கண்டு நீக்கும் குற்றங்கடிதலுக்கு வேறோர் அதிகாரம் வகுத்தார். மன்னிப்பவர் கடமை ஒன்று, மன்னிப்பு நாடுபவர் கடமை மற்றொன்று என்பது இதனால் விளங்கும்.

மன்னிப்பு நாடுபவர் செய்ய வேண்டுவன எவை? 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவி அவர்கள் அறிஞர்தம் கருத்தைத் தொகுத்து உரைத்துள்ளார். பாவத்தை உடனே விட்டுவிடுதல், செய்ததற்கு உளமார வருந்துதல், இனி அதன்பால் மீள்வதில்லை என உறுதி பூணுதல் ஆகிய மூன்றும் இறைவனுக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட பாவங்களுக்குரியவை. பிற மனிதர் ஒருவரின் உரிமை பறிபோயிருப்பின் நான்காவதொன்றும் சேரும். பொருளாயின் திருப்பித் தர வேண்டும். மானமாயின் அவரிடமே சென்று பொறுப்பு வேண்ட வேண்டும்.

இப்பாதையில் இரண்டு பள்ளங்கள் உள்ளன. ‘இறைவன் மன்னிப்பான்’ என்று அசட்டையாக இருப்பது ஒன்று. ‘எனக்கு மன்னிப்பே கிடையாது’ என்று இடிந்துபோவது மற்றொன்று. தமக்குத் தாமே தீங்கிழைத்துக்கொண்டோரும் இறையருளில் நம்பிக்கை இழக்கலாகாது எனத் திருக்குர்ஆனின் 39ஆம் அத்தியாயம் அறிவுறுத்துகிறது. தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்றவனின் வரலாற்றை நபிகள் நாயகம் (ஸல்) கூறியுள்ளார்கள். ‘உனக்கு மீட்சியில்லை’ என்ற துறவியையும் கொன்று அவன் நூறாக்கினான். பின்னர் ஓர் அறிஞர், மீட்சிக்குத் தடையில்லை, ஆனால் தீயோர் வாழும் ஊரை விட்டு நல்லோர் வாழும் ஊருக்குச் செல் என்றார். அவன் வழியிலேயே இறந்தான். எனினும் இறையருள் அவனை ஏற்றுக்கொண்டது. கதவை அடைத்தவரின் சொல் மேலும் ஒரு கொலையில் முடிந்ததையும், வழி சொன்னவரின் சொல் ஒருவனை நடக்க வைத்ததையும் ஆசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வரலாறு ஒரு கவிஞருடையது. மதீனாவின் கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் படையெடுப்பில் கலந்துகொள்ளவில்லை. வசதி இருந்தது, ‘நாளை புறப்படலாம்’ என்றே நாள்கள் கழிந்தன. படை திரும்பியதும் எண்பதுக்கும் மேற்பட்டோர் சாக்குகள் கூறித் தப்பினர். சொல்வன்மை மிக்க அக்கவிஞரோ, தமக்கு எந்தக் காரணமும் இல்லை என உண்மையே உரைத்தார். அவரோடும் அவரைப் போன்ற மற்றிருவரோடும் ஐம்பது நாள்கள் ஒருவரும் பேசவில்லை. அந்நாள்களில் கஸ்ஸான் அரசனிடமிருந்து, எம்மிடம் வந்துவிடும் என்று ஓலை வந்தது. அதை அவர் அடுப்பிலிட்டு எரித்தார். ஐம்பதாம் நாள் மன்னிப்பு அறிவிக்கப்பட்டபோது தல்ஹா (ரலி) ஓடிவந்து அவர் கைகளைப் பற்றிக்கொண்டார். திருந்தியவரை வரவேற்க ஒருவர் எழுந்து ஓடினார் என்பதைக் கஅபு தம் வாழ்நாளில் மறக்கவில்லை.

இவ்வுணர்வு தமிழிலும் வேரூன்றியது. இஸ்லாமியத் தமிழிலக்கியம் புதிதாகத் தந்த வகைகளாகப் படைப்போர், கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து என்பவற்றை அறிஞர் சுட்டுவர். முனாஜாத்து என்பது இறைவனோடு தனித்து இரகசியமாக உரையாடுதல். தன் பிழைகளை அவையறியப் பறைசாற்றாமல் இறைவன் செவிக்கு மட்டும் சொல்லி இரக்கும் வகை அது. 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு தம் பராபரக் கண்ணியில், தாயுமானவர் வழியில் நின்று இறைவனை நோக்கி முறையிட்டார். குற்றவுணர்வுக்குத் தமிழில் ஒரு முறையீட்டு மொழி உண்டு என்பதை மாணவர்கள் அறிய வேண்டும்.

என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றையும் இங்குச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் தோட்டப்பள்ளி ஒன்றில் பணியாற்றியபோது, வகுப்பில் திரட்டிய பன்னிரண்டு வெள்ளி காணாமற்போனது. பால்மரத் தொழிலாளி ஒருவரின் மகனை எல்லார் முன்னிலையிலும் திருடன் என்றேன். ஒரு வாரம் கழித்து அப்பணம் என் வருகைப் பதிவேட்டின் உறைக்குள்ளேயே கிடந்தது. நான் வாய் திறக்கவில்லை. இரவுதோறும் தொழுது அழுதேன், நிம்மதி வரவில்லை. நான்காவதைச் செய்யாமல் முதல் மூன்றை மட்டும் செய்துகொண்டிருந்தேன்.

இருபது ஆண்டுகளுக்குப் பின் அவரைத் தேடிச் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நான் அன்னைக்கே மறந்துட்டேன் சார். ஆனா எங்கப்பா கடைசிவரைக்கும் நான் எடுத்தேன்னுதான் நினைச்சாரு. வாத்தியார் பொய் சொல்ல மாட்டாருன்னு சொல்லியே அடிச்சாரு” என்றார். தந்தை அப்போது உயிரோடு இல்லை. மகன் என்னை மன்னித்தார். தந்தையிடம் பெற வேண்டிய பொறுப்பு இன்றும் நிலுவையில் உள்ளது. அவருக்காக இறைஞ்சுவதும் அவர் பெயரால் அறம் செய்வதுமே இனி என்னால் இயன்றவை. அவ்வகுப்பில் பயின்றோருள் கண்டவரிடமெல்லாம் உண்மையைச் சொல்லி வருகிறேன். பழி பலர் அறிய நேர்ந்தது. அதைத் துடைப்பதும் பலர் அறியவே நிகழ வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, தவறு செய்த மாணவரிடம் ‘நீ திருந்தமாட்டாய்’ என்று சொல்லாதீர்கள். நீங்களே தவறியிருந்தால், எந்த வகுப்பில் தவறினீர்களோ அந்த வகுப்பிலேயே அதைச் சொல்லுங்கள். மாணவமணிகளே, மன்னிப்புக் கேட்க வேண்டியவர் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். வரும் பெருநாளில் அந்த வாழ்த்தைச் சொல்லும்முன், உண்மையிலேயே யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.