ஆரம்பப் பாடசாலையில் ஒரு வாரம்

(கிராமக் கூட்டுறவுக் கடன் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)

 

கடன், தவணை, உரம், விதை முதலிய விஷயங்களைப் பேசுவதற்கென்று கூடும் இக்கூட்டத்தில், பாடசாலையைப் பற்றிப் பேச எனக்கு இடங்கொடுத்தமைக்கு வந்தனம் செலுத்துகிறேன். இரண்டிற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். 1904-ஆம் வருஷத்தில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வருஷத்திலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் கிராமக் கடன் சங்கம் ஒன்று ஏற்பட்டது. 1920-ஆம் வருஷத்தில் சென்னை மாகாணத்திற்கு ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. ஒன்று நாணயத்தை வளர்ப்பதற்கு, மற்றொன்று அறிவை வளர்ப்பதற்கு என்று பிரித்துச் சொல்லுவது வழக்கம். ஆனால் கணக்கைப் படித்தறிய மாட்டாத அங்கத்தினரைக் கொண்டு நாணயமான சங்கம் நடத்த இயலாது என்பதை நாம் எல்லோரும் அநுபவத்தில் அறிவோம்.

நம் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் அங்கத்தினன். 2009-ஆம் வருஷத்தில் இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, இக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பிள்ளைகளின் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருத்தல் வேண்டும். என் பேரன் இரண்டாம் வகுப்பில் வாசிப்பதால் நானும் சேர்க்கப்பட்டேன். உண்மையைச் சொல்லின், கையெழுத்திட்டதன்றி வேறொன்றும் நான் செய்ததில்லை. ஒரு நாள் தலைமையாசிரியை என்னைப் பார்த்து, "ஐயா, ஆண்டு விழாவிற்குப் பரிசு வழங்க வருகிறீர்கள். விழா இல்லாத ஒரு வாரம் வந்து உட்கார்ந்து பாருங்கள்" என்றார். அவ்வண்ணமே சென்றேன். மாணாக்கர் 38 பேர். ஆசிரியர் இருவர். அந்த ஐந்து நாட்களில் கண்டவற்றையே இன்று உங்களிடம் சொல்ல வந்துள்ளேன்.

திங்கட்கிழமை. மணி அடிக்குமுன்னரே பிள்ளைகள் கை கழுவி வரிசையாக உட்கார்ந்து காலை உணவு அருந்துகின்றனர். 1956-ஆம் வருஷத்தில் காமராஜர் காலத்தில் மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவும் வந்ததை உங்களிற் பெரியோர் அறிவர். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கி, 2023-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிவாக்கப்பட்டதே இக்காலை உணவுத் திட்டம். கிராமங்களில் மகளிர் சுயவுதவிக் குழுவைச் சேர்ந்த தாய்மார்களே இதனைச் சமைக்கின்றனர். அவர்களில் ஒருவர் என்னிடம், "முன்பெல்லாம் பத்து மணிக்குச் சோர்ந்து மேசைமேல் தலை சாய்க்கும் பிள்ளைகள், இப்போது சோர்வின்றிக் கேள்வி கேட்கின்றன" என்றார்.

பிரார்த்தனைக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தும் ஒரு குறளும் முடிந்த பின்னர், நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் செய்தித்தாளைக் கையிலேந்தி வானிலைச் செய்தியை உரக்கப் படித்தான். மாலையில் கனமழை பெய்யக்கூடும் என்றிருந்தது. சுற்றுச்சுவருக்கு அப்பால் யூரியா மூட்டையுடன் வயலுக்குச் சென்றுகொண்டிருந்த உழவர் ஒருவர் நின்று கேட்டார். மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார். பிறகு மூட்டையோடு வீட்டிற்குத் திரும்பினார். அன்று மாலை மழை பெய்தது. உரம் வாய்க்காலோடு போகாமல் தப்பியது.

செவ்வாய்க்கிழமை. கொள்ளை நோயின் காரணமாக 2020 மார்ச்சு மாதத்தில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறக்கப்பட்டன. அந்த இடைவெளியில் எழுத்தும் எண்ணும் மறந்த பிள்ளைகளுக்காக 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' என்னும் திட்டம் வந்தது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை, அவரவர் அறிந்த அளவிற்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என வகுத்துக் கற்பிப்பது இம்முறை. பின்தங்கிய பிள்ளையை அவமதிக்காமல், அது நிற்கும் படியிலிருந்தே கைகொடுத்து ஏற்றுதல் இதன் நோக்கம்.

என் பேரன் அரும்பு நிலையில் இருந்தான். 'கொடி' என்பதைக் 'காடி' என்றே படிப்பான். வீட்டில் நான் இதற்காக அவனைப் பலமுறை கடிந்ததுண்டு. ஆசிரியை கடியவில்லை. ஒலிக்கும்போது ஒன்றாக ஒலிக்கும் எழுத்து, எழுதும்போது முன்னே கொம்பும் பின்னே காலுமாகப் பிரிந்து நிற்பதால், பிள்ளையின் கண் கொம்பைத் தாண்டிக் காலை மட்டும் பிடிக்கிறது என்று எனக்கு விளக்கினார். அட்டையில் கொம்பு, ககரம், கால் ஆகிய மூன்றையும் தனித்தனியே வெட்டி அவன் கையில் கொடுத்துச் சேர்க்கச் செய்தார். அரை மணி நேரத்தில் பையன் 'கொடி', 'பொரி', 'தொட்டி' என்று மூன்று சொற்களையும் பிழையறப் படித்தான். நான் ஒரு வருஷம் கடிந்து செய்ய இயலாததை மூன்று அட்டைத் துண்டுகள் செய்தன.

புதன்கிழமை. நான்காம், ஐந்தாம் வகுப்பு மாணாக்கர் கயிறும் அளவு நாடாவும் கொண்டு பள்ளித் தோட்டத்தை அளந்தனர். அது ஆறு சென்டு என்று ஊரில் பலரும் சொல்லுவோம். நீளம் 66 அடி, அகலம் 33 அடி என்று அளவு வந்தது. பெருக்கியபோது 2,178 சதுர அடி. ஒரு சென்டு 435.6 சதுர அடி. தசமம் கடினமாயிருக்குமென்று ஆசிரியை 436 என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். ஐந்து முறை கூட்டினால் 2,180 வருகிறது. ஆகவே தோட்டம் ஐந்து சென்டேயன்றி ஆறன்று. வேலியோரம் நின்ற முதியவர் ஒருவர் ஒப்பவில்லை. ஒரு சிறுமி அவரிடம் நாடாவின் ஒரு முனையைக் கொடுத்து, "தாத்தா, நீங்களே பிடியுங்கள்" என்றாள். அளந்த பின்னர் அவர் மறுமொழி சொல்லவில்லை. நிலம் வாங்கவும் விற்கவும் பிறர் சொன்ன அளவையே நம்பிக் கைந்நாட்டு வைத்த தலைமுறை நம்முடையது. நாடாவைக் கையிற் பிடிக்கும் தலைமுறை அவர்களுடையது.

ஆனால் அன்று சந்தை நாள். வருகைப் பதிவேட்டில் 7 பெயர்களுக்கு எதிரே வராதோர் குறி விழுந்தது. கீழ் வகுப்புகளைப் பார்க்கச் சென்றபோது என் பேரனுடைய இடம் காலியாயிருந்தது. ஆடு விற்கச் சந்தைக்குப் போன வீட்டார் துணைக்கு அவனையும் அழைத்துச் சென்றிருந்தனர். முந்தைய இரவு என்னிடம் கேட்டபோது, "ஒரு நாள்தானே, போய் வரட்டும்" என்று சொன்னவன் நானே. அன்று ஆசிரியை அட்டையில் கற்ற சொற்களைக் கரும்பலகையிலும் பலகையிலும் மும்முறை எழுதச் செய்து மனத்தில் பதிய வைத்தார். வியாழக்கிழமை காலையில் என் பேரன் மீண்டும் 'காடி' என்றே படித்தான். உடன் கற்ற மற்றப் பிள்ளைகள் அடுத்த பாடத்திற்குச் சென்றிருந்தனர். ஒரு நாள்தானே என்று நான் சொன்ன சொல்லின் விலையை அப்பொழுது அறிந்தேன்.

நிற்க. வியாழக்கிழமை நடந்த வேறொன்று நம் சங்கத்திற்கு நேரே பொருந்துவது. அப்பள்ளியில் எழுதுபொருள் பெட்டி ஒன்று உண்டு. பெற்றோர் பத்துப் பேர் தலைக்கு 50 ரூபாய் கொடுத்து 500 ரூபாய் மூலதனம் சேர்த்தனர். பென்சில், அழிப்பான், நோட்டுப் புத்தகம் ஆகியவற்றை அசல் விலைக்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் விற்கின்றனர். மாலைதோறும் எஞ்சிய சரக்கின் மதிப்பையும் கையிருப்புப் பணத்தையும் கூட்டினால் 500 வருதல் வேண்டும். அன்று சரக்கு 285 ரூபாய், பணம் 210 ரூபாய், ஆக 495. ஐந்து ரூபாய் குறைந்தது.

பிள்ளைகள் ஒருவரையொருவர் திருடனென்று சொல்லவில்லை. ஆசிரியையும் தம் கைப்பணத்தைப் போட்டுச் சரிக்கட்டவில்லை. "கண்டுபிடியுங்கள்" என்று மட்டும் சொன்னார். இருமுறை எண்ணினர். விற்பனைப் புத்தகத்தை வரிக்கு வரி பார்த்தனர். ஒரு பென்சிலுக்குக் கணக்கில்லை. அப்பொழுது, பெட்டிக்குப் பொறுப்பாயிருந்த பையன் தலை குனிந்து எழுந்தான். முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தி பென்சிலின்றி அழுததைக் கண்டு, தானே ஒன்றை எடுத்துக் கொடுத்ததாகவும், கடன் கொடுக்க விதியில்லாமையால் எழுத அஞ்சியதாகவும் சொன்னான்.

இதனை விசாரிக்க வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைகள் கூடினர். சிலர் பையன் ஐந்து ரூபாய் கட்ட வேண்டுமென்றனர். சிலர் இரக்கத்தால் செய்ததற்குத் தண்டம் கூடாதென்றனர். இறுதியில் ஒரு சிறுமி சொன்னது எல்லோருக்கும் ஏற்றதாயிற்று: "கொடுத்தது பிழையில்லை. எழுதாததுதான் பிழை." அன்று முதல் புத்தகத்தில் 'கடன்' என்று ஒரு புதிய பத்தி வரையப்பட்டது. பென்சிலில்லாத பிள்ளைக்குப் பென்சில் கொடுக்கலாம். பெயரும் தேதியும் எழுதுதல் வேண்டும். சிறுமியின் தாயார் அன்று மாலையே ஐந்து ரூபாய் அனுப்பினார். சகோதரர்களே, நம் சங்கத்தின் உபவிதிகள் எத்தனை பக்கமாயினும், அவற்றின் சாரம் அச்சிறுமி சொன்ன வாக்கியத்தில் அடங்கியிருக்கிறதன்றோ?

வெள்ளிக்கிழமையே மற்றொரு காரியமும் நடந்தது. வீட்டிலுள்ள ஏதேனும் ஒரு காகிதத்தைப் படித்து, அதிலிருந்து ஒரு செய்தியை எழுதி வருமாறு ஐந்தாம் வகுப்பாருக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஒருவன் விதைப் பையில் அச்சிட்டிருந்த காலாவதித் தேதியை எழுதி வந்தான். ஒருத்தி நம் சங்கத்தில் அவள் தாத்தா வாங்கிய பயிர்க் கடனின் தவணைத் தேதியை எழுதி வந்தாள். பொங்கலுக்குப் பிறகு கட்டினால் போதுமென்று அவர் நினைத்திருந்தாராம். தேதியோ அதற்கு முன்னரே வருகிறது. குறித்த தேதிக்குள் கட்டினால் பயிர்க் கடனுக்கு வட்டியில்லை என்பதும், தவறினால் வட்டி சேரும் என்பதும் உங்களுக்குத் தெரிந்தவை. பேத்தி படித்துச் சொன்ன ஒரு வரி அவருக்கு வட்டியையும் மிச்சமாக்கியது, தவணை தவறியவர் என்னும் பெயர் வாராமலும் காத்தது.

இவ்வாரத்தில் எப்பிள்ளைக்கும் கோப்பையோ பதக்கமோ கிடைக்கவில்லை. ஆனால் ஒருவன் படித்த செய்தி ஓர் உழவரின் உரத்தைக் காத்தது. சிலர் தோட்டத்தின் உண்மையான அளவை ஊருக்குச் சொன்னார்கள். ஒருவன் தன் பிழையைப் பலர் முன்னிலையில் ஒப்புக்கொண்டான். ஒருத்தி தன் தாத்தாவின் தவணையைக் காத்தாள். இவை நாளுக்கு நாள் சேரும் சிறு வாடிக்கை வைப்பைப் போன்றவை. இடையே ஒரு நாள் விட்டாலும் குறை தோன்றும். அக்குறையை என் வீட்டிலேயே கண்டேன்.

ஆதலால் உங்களிடம் மூன்று வேண்டுகோள் விடுக்கிறேன். முதலாவது, சந்தை நாளாயினும் அறுவடை நாளாயினும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள். ஆட்டைப் பிடிக்க ஆள் வேண்டுமானால் என்னை அழையுங்கள், நான் வருகிறேன். இரண்டாவது, மேலாண்மைக் குழுவில் அங்கத்தினராயிருக்கும் பெற்றோர், என்னைப்போல் கையெழுத்தோடு நில்லாமல் மாதத்தில் ஒரு நாளாவது வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். மூன்றாவது, நம் பேரவைக் கூட்டத்திற்கு வருமுன் உங்கள் பாஸ் புத்தகத்தை வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். படித்தது விளங்காவிடின் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பத்து வயதுச் சிறுவர் ஐந்து ரூபாய்க்கு இருமுறை எண்ணும் ஊரில், பெரியோராகிய நாம் கணக்கைப் படிக்காமலே கையுயர்த்தி நிறைவேற்றுவது தகுமா என்பதை யோசியுங்கள்.

என் பேரன் அதற்கடுத்த புதன்கிழமை சந்தைக்குப் போகவில்லை. அன்று மாலை வீட்டு வாசலில் நின்று, எதிர்த் தெருவில் கட்டியிருந்த கட்சிக் கொடியைச் சுட்டி, 'கொடி' என்று பிழையின்றி எழுதிக் காட்டினான்.