சுற்றுப்புற நீதியும் சமூகப் பணியும்

சமூகப் பணி என்றவுடன் உணவும் கம்பளியும் வழங்கும் காட்சியே பலர் மனத்தில் எழுகிறது. இடர் நேர்ந்த முதல் சில நாட்களுக்கு அது தேவைதான். ஆயினும் சுற்றுப்புறக் கேட்டினால் நலிந்தோர்க்கு நீதி கிடைக்க வேண்டுமாயின், நேர்ந்த இழப்பை உரிய காலத்தில் எழுத்தில் பதிவு செய்தல் இன்றியமையாதது. போபால் இதற்குச் சான்று.

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில், அந்நகரின் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் என்னும் விஷவாயு கசிந்தது. ஆலையை அடுத்த குடிசைப் பகுதிகளில் வாழ்ந்த ஏழை மக்களே பெரிதும் மாண்டனர். 1985ஆம் ஆண்டின் தொடக்கத்தில், டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் முயற்சியால், பல சமூகப் பணிக் கல்லூரிகளின் மாணவர்கள் வீடு வீடாகச் சென்று, ஏறத்தாழ 25,000 குடும்பங்களின் நிலையைக் கேட்டறிந்து குறித்தனர்.

இத்தகைய பதிவுகளின் அருமை பின்னர்தான் புலனாயிற்று. 1989இல் 47 கோடி டாலர் இழப்பீட்டுடன் வழக்கில் உடன்பாடு காணப்பட்டது. பாதிப்பின் அளவை மெய்ப்பிக்க மருத்துவச் சான்றுகள் வேண்டப்பட்டன. கண்ணெரிச்சலோடு இருளில் ஓடிய கூலித் தொழிலாளியிடம் சீட்டும் ரசீதும் ஏது? இழப்பீடு பெற்ற 5 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் 'தற்காலிகப் பாதிப்பு' என வகைப்படுத்தப்பட்டு, முதலில் 25,000 ரூபாய் அளவே பெற்றனர். அவர்களுள் பலருக்கு மூச்சுத்திணறலோ ஆண்டுக்கணக்கில் நீடித்தது. எஞ்சியிருந்த தொகையையும் பகிர்ந்தளிக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2004இல்தான்.

இடைப்பட்ட காலத்தில் மக்களைத் தளரவிடாது காத்தவை உள்ளூர் அமைப்புகள். விஷவாயுவினால் தாமும் பாதிக்கப்பட்ட அப்துல் ஜப்பார், 2019இல் மறையும் வரை, சனிக்கிழமைதோறும் பூங்கா ஒன்றில் மக்களைக் கூட்டி உரிமைகளை விளக்கி வந்தார். பெண்களுக்குத் தையற் பயிற்சியும் அளித்தார். பட்டம் பெற்ற சமூகப் பணியாளர் பலர் திட்டக்காலம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடுகின்றனர் என்பதையும் இங்குக் குறிப்பிட்டாக வேண்டும்.

ஆலைக் கழிவினால் நிலத்தடி நீர் கெட்டது தனிக்கதை. கசிவுக்குப் பின் அங்குக் குடியேறி அந்நீரைப் பருகியோர் இழப்பீட்டுப் பட்டியலில் இடம்பெறவில்லை. அவர்களது நோய், கிணறு, பருகிய காலம் ஆகியவற்றைக் குடும்பவாரியாகக் குறித்து வைத்தல் மாணவர்களால் இயலும் பணியே. ஆலை வளாகத்திலிருந்த 337 டன் கழிவு 2025இல் பீதம்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டு எரிக்கப்பட்டது; அவ்வூர் மக்கள் அதனை எதிர்த்தனர். அங்கும் அத்தகைய குறிப்பேட்டை இப்போதே தொடங்கலாம்.