நாலு புதன்கிழமை



பிள்ளை வளர்ப்பில் அப்பாவின் பங்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள் நூலக வாசகர் வட்டத்து நண்பர்கள். மேடையேறியதும் நான் பார்த்த முதல் காட்சி, முன்வரிசைத் தாய்மார்களில் பாதிப் பேர் மடியில் பிள்ளை. பின்னால் டீக்கடை வரைக்கும் நிற்கிற ஆண்களில் ஒருவர் தோளிலும் பிள்ளை இல்லை. ஒரே ஒருவரைத் தவிர. அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் கிளம்பிப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

இந்த மலையடிவாரத்துக்காரர்தான். முதல் பஸ் பிடித்து மேலே தோட்டத்துக்குப் போவார். தை, மாசி வந்தால் மிளகு பறிப்பு. சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணியைச் சாய்த்து ஏறி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பறிக்கிற வேலை. வீட்டுக்காரம்மாவுக்கு டவுனில் கொலுசுப் பட்டறையில் வேலை. புதன்கிழமை பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிற நாள் இல்லையா, ஆரம்ப சுகாதார நிலையத்து வரிசையில் முப்பது பெண்களுக்கு நடுவில் இந்த ஒரு ஆள், துண்டில் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு நிற்பார். 'என்னய்யா, பொண்டாட்டி அனுப்பிச்சுட்டாளா?' என்று வெளியில் நிற்கிறவன் கேட்பான். அவர் சொன்ன பதில்: 'என் புள்ளைக்கு ஊசி. நான் வராம யாருங்க வருவாங்க?'

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். ஆனால் அன்றைக்கு அவருக்குக் கூலி போச்சு. அதையும் சேர்த்துத் தெரிந்துகொண்டு தட்டுங்கள்.

போன மாதம் சேலத்தில் ஒரு மேடை. யார், எந்தக் கட்சி என்பதெல்லாம் வேண்டாம், உங்களுக்கே தெரியும். 'பெத்தது அவளா இவனா? ஆம்பளைக்கு எதுக்குப் பிரசவ லீவு?' என்று கேட்டார் ஒருவர். கூட்டம் சிரித்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. ஐயா பெரியவரே, அந்த மேடையில் கட்டியிருந்த பேனரில் உங்கள் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இருந்ததே, அது யாருடைய எழுத்து? உங்கள் அப்பாவுடைய எழுத்து. பள்ளிச் சான்றிதழில் அப்பா வேண்டும், சாதிச் சான்றிதழில் அப்பா வேண்டும், கல்யாணப் பத்திரிகையில் அப்பா வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளைக்குப் பேதி என்றால் மட்டும் அப்பா வேண்டாமா?

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய அரசு ஊழியர் என்றால் அப்பாவுக்குப் 15 நாள் விடுப்பு உண்டு. குழந்தை பிறப்பதற்கு முன்போ, பிறந்து ஆறு மாதத்துக்குள்ளோ எடுத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு 1961-லேயே தனிச்சட்டம் வந்தது, 2017-ல் அம்மாவின் விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. மனதார வரவேற்கிறேன். ஆனால் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிற அப்பாவுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. 2017-ல் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. சுவீடன்காரன் 1974-லேயே பிள்ளை வளர்ப்பு விடுப்பை அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் பொதுவாக்கிவிட்டான். ஐம்பது வருஷம் ஓடிப்போச்சு.

நம் தோட்டத்துக் கதையைக் கேளுங்கள். 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் நல்ல சட்டம். எத்தனையோ பேர் போராடி வாங்கியது. 50 பெண் தொழிலாளர் இருந்தால் பிள்ளைக் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. எண்ணியது யாரை? பெண்களை. ஆண்கள் ஐந்நூறு பேர் இருந்தாலும் அந்தக் கணக்கில் வரவில்லை. ஆண் தொழிலாளிக்குப் பிள்ளை இருக்கும் என்றே சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

இதே சேலம் மாவட்டத்தில்தான் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. ஏன் இங்கே தொடங்க வேண்டி வந்தது என்று வயதானவர்களுக்குத் தெரியும். பிறந்த பெண் சிசுவுக்கு நெல்மணி, கள்ளிப்பால்... சொல்லவே நாக்கு கூசுகிறது. 2001 கணக்கெடுப்பில்கூட ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு நம் மாவட்டத்தில் பெண் பிள்ளைகள் 851 பேர்தான். அந்த நாட்களில் திண்ணையில் யாரைப் பழித்தோம்? பெற்றவளை, மாமியாரை, மருத்துவச்சியை. 'அப்பன் எங்கே இருந்தான்' என்று ஒருத்தர் கேட்டோமா? ஒருத்தர்?

அப்பன் மதுக்கடையில் இருந்தான்.

எல்லா அப்பனும் அப்படி இல்லை. ஒரு சேலத்துக்காரர் கதை சொல்கிறேன். 1916. வக்கீல், நல்ல வருமானம், வயது நாற்பதுகூட ஆகவில்லை. மனைவி இறந்துவிட்டார். மூன்று பையன், ரெண்டு பெண், மொத்தம் ஐந்து பிள்ளைகள். அந்தக் காலத்தில் ஊரே என்ன சொல்லியிருக்கும்? 'இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோ, பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும்' என்றுதான். அவர் பண்ணிக்கொள்ளவில்லை. ஐந்து பேரையும் தன் பொறுப்பில் வளர்த்தார். அடுத்த வருஷமே சேலம் நகராட்சித் தலைவராகவும் ஆனார். ராஜாஜி! அவரோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. 1953-ல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை, அப்பன் தொழிலைப் பிள்ளை தலையில் கட்டப் பார்த்த அந்தத் திட்டத்தை, இந்த மேடையிலும் எதிர்ப்பேன், எந்த மேடையிலும் எதிர்ப்பேன். ஆனால் தாயில்லாத ஐந்து பிள்ளைகளை வளர்த்த அந்த மனிதர், மாகாணத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்ததும் 1937 அக்டோபர் முதல் தேதி மதுவிலக்கை முதன்முதலாக எந்த மாவட்டத்தில் கொண்டுவந்தார்? சேலத்தில்! இந்த மண்ணில்! வருமானம் போச்சே என்று கேட்டார்களா? 1939-ல் விற்பனை வரி போட்டார். பிள்ளை வளர்த்தவனுக்குத்தான் ஐயா தெரியும், ஒரு குவளைக்குள் எத்தனை பிள்ளைகளின் சாப்பாடு போகிறதென்று.

இன்றைக்கு? 2003-லிருந்து சில்லறை மதுக்கடையையும் அரசே நடத்துகிறது. வருஷத்துக்கு 45,000 கோடிக்கு மேலே வருமானம். எந்த ஆட்சி என்று நான் பேச வரவில்லை, எல்லா ஆட்சியிலும் அந்தக் கடை திறந்துதான் இருந்தது. சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருகிற மனிதனை, வீட்டுக்குப் போகும் முன்னே அந்தக் கடைதான் பார்க்கிறது. அவனை மட்டும் திட்டிவிட்டு நான் இறங்கிவிட முடியாது. எட்டு மணி நேரம் சரிவில் நின்று உடம்பு ஓய்ந்து வருகிறவன் அவன். 'பிள்ளையைத் தூக்கு, குளிப்பாட்டு, உனக்குத் தெரியும்' என்று அவனிடம் யாரும் சொன்னதே இல்லை. தாத்தா சொல்லவில்லை, அப்பா சொல்லவில்லை, பள்ளிக்கூடமும் சொல்லவில்லை. பிள்ளை பிறந்ததும் மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பி, ஐந்தாம் மாதம் முகம் பார்க்கப் போகிறான். அதற்குள் அந்தப் பிள்ளைக்கு இவன் வாசனையே தெரியாமல் போய்விடுகிறது.

நம்மாள் இருக்கிறாரே, பின்னால் நிற்கிறவர், அவர் என்ன செய்தார் தெரியுமா? வேலை முடிந்ததும் நேரே மாமியார் வீட்டுக்குப் போய், பிள்ளையைத் துடைத்துத் தூங்க வைத்துவிட்டு ராத்திரி வீடு திரும்புவார். மாமியாருக்கே முதலில் கூச்சமாம். 'நீங்க விடுங்க மாப்ளே' என்றாராம். விடவில்லை. இப்போது அந்தப் பிள்ளை இத்தனை கூட்டத்தில், இந்த மைக் சத்தத்தில், அவர் தோளில் தூங்குகிறது. திரும்பிப் பாருங்கள்... சரி, பார்க்க வேண்டாம், அவர் முறைக்கிறார்.

அவைத்தலைவர் மணி அடித்துவிட்டார். ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு உட்கார்கிறேன். பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகு முதல் வருஷத்தில் ஊசிக்குப் போக வேண்டியது எத்தனை முறை? ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பது மாதம் முடிந்ததும் ஒரு முறை. நாலு புதன்கிழமை. சுவீடன் வேண்டாம், 26 வாரம் வேண்டாம், டெல்லி சட்டம் போடும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இங்கே தோட்ட முதலாளிகள் வந்திருக்கிறீர்கள், மேனேஜர்கள் இருக்கிறீர்கள், பட்டறைக்காரர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் வேலை பார்க்கிற அப்பாவுக்கு அந்த நாலு புதன்கிழமையும் அரை நாள் விட்டு, கூலியைப் பிடிக்காமல் கொடுங்கள். தடுப்பூசி அட்டையில் நர்சம்மா போடுகிற முத்திரையைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள், ஏமாற்றுவானோ என்ற கவலையும் வேண்டாம். நாலு அரை நாளில் எந்த எஸ்டேட்டும் நொடித்துப்போகாது.

இதைத் தீர்மானமாக எழுதி வந்திருக்கிறேன். வாசகர் வட்டத் தலைவர் முன்மொழிகிறார். கொடுக்கத் தயாராக இருக்கிற முதலாளிமார் இங்கேயே எழுந்து சொல்லுங்கள், முதலில் எழுகிறவருக்கு நானே சால்வை போடுகிறேன்.