முதல் தரம் யாருக்கு?



ஒரு போட்டி தொடங்குமுன்னரே அதன் முடிவைச் சொல்லிப் பார்ப்பதில் மனிதர்க்குத் தனி மகிழ்ச்சி உண்டு. தேர்வுக்கு முதல் நாளிரவு வினாத்தாளில் என்னென்ன வரும் என்று கூடிப் பேசும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஊகம் இருவகைப்படும். மனம் விரும்புவதை வாய் சொல்வது ஒன்று; கண்ட சான்றுகளை எடைபோட்டு அறிவு சொல்வது மற்றொன்று. இவ்விரண்டின் வேறுபாட்டை அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்துப் போட்டியைக் கொண்டு இன்று எடுத்துரைக்க எண்ணுகிறேன்.

அந்நாட்டில் அரசின் உதவி பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் என்று வேற்றுமை காட்டலாகாது என்னும் சட்டம் 1972-ல் பிறந்தது. பெண்கள் விளையாட்டுக்கு அது பெரியதொரு கதவைத் திறந்தது. பத்தாண்டுகளுக்குப் பின், 1982-ல், தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கான கூடைப்பந்துப் போட்டியை முதன்முதலாக நடத்தியது. அவ்வாண்டு ஆடியவை 32 அணிகள்; வென்றது லூசியானா டெக் கல்லூரி. அணிகளின் தொகை 1994-ல் 64 ஆகவும், 2022-ல் 68 ஆகவும் பெருகியது.

இத்தனை அணிகளை எப்படி மோதவிடுவது? சீட்டுக் குலுக்கிப் போட்டால், வலிமை மிக்க இரண்டு அணிகள் முதல் நாளிலேயே சந்தித்து, அவற்றுள் ஒன்று வீடு திரும்ப நேரும். அதைத் தவிர்க்கவே ஒரு தேர்வுக் குழு அணிகளை நான்கு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் 1 முதல் 16 வரை தரம் குறிக்கிறது. முதல் தரத்து அணி பதினாறாம் தரத்து அணியையும், இரண்டாம் தரத்து அணி பதினைந்தாம் தரத்து அணியையும் முதலில் எதிர்கொள்ளும். இத்தரத்தை 'விதை' என்று பொருள்படும் சொல்லால் ஆங்கிலத்தில் குறிப்பர். நாற்றை நெருக்கி நடாமல் இடம் விட்டு நடுகிறானே உழவன், அதுபோன்ற ஏற்பாடு இது.

இதில் பெருமை மட்டுமன்று, பயனும் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் முதல் நான்கு தரம் பெறும் அணிகள், ஆக மொத்தம் 16 அணிகள், முதலிரண்டு சுற்றுகளைத் தம் சொந்த அரங்கிலேயே ஆடும் முறை 2015-ல் வந்தது. பழகிய தளம், பழகிய கூடை, ஆரவாரம் செய்யும் சொந்த ஊர் மக்கள்! ஆகவே மார்ச்சு மாதத்தில் ஒரு ஞாயிறன்று குழு தன் பட்டியலை வெளியிடும்வரை, யாருக்கு எந்தத் தரம் கிட்டும் என்று கணித்துச் சொல்வது அங்கே ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது.

நன்கு கணிப்பவர் எதைப் பார்க்கிறார்? வெற்றிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். எளிய அணிகளை முப்பது முறை வென்றவரைவிட, வலிய அணிகளோடு மோதிச் சில ஆட்டங்களை இழந்தவர் உயர்ந்தவராக இருத்தல் கூடும். யாரை வென்றார்கள், எங்கே வென்றார்கள், எவ்வளவு திறமையாக வென்றார்கள் என்னும் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் ஒரு முறையைச் சங்கம் 2020-21 பருவத்தில் பெண்கள் ஆட்டத்திற்குக் கொண்டுவந்தது. எனினும் எண் மட்டுமே தீர்ப்பாகிவிடுவதில்லை. நேருக்கு நேர் மோதியதில் வென்றவர் யார், காயமுற்று விலகிய ஆட்டக்காரர் எவரேனும் உண்டா என்பவற்றையும் குழுவினர் கருதுகின்றனர்.

2025-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் அப்பருவத்தில் இருமுறை தோற்றது. இரண்டும் அதே நகரத்துத் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திடம். பின்னர்த் தங்கள் கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் அதே அணியை வென்றது. அவ்விரண்டோடு தென் கரோலினாவும் டெக்சஸும் சேர்ந்து நான்கு முதல் தரங்களையும் பெற்றன. கனெக்டிகட் அணிக்குக் கிடைத்தது இரண்டாம் தரமே. பிப்ரவரியில் தென் கரோலினாவை அதன் சொந்த அரங்கிலேயே 87-58 என்று வீழ்த்திய அணி அது! அப்படியிருக்க, ஏன் இரண்டாம் தரம்? அது ஆடிய கூட்டமைப்பில் வலிய எதிரிகள் குறைவு. மேலும், 2024 டிசம்பரில் தென் கலிபோர்னியா அணி கனெக்டிகட் மாநிலத்துக்கே வந்து அதனை 72-70 என்று வென்றிருந்தது. சான்றுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் குழுவின் முடிவில் குறை காண்பது அரிது.

அடுத்து நிகழ்ந்தது என்ன? இரண்டாம் சுற்றிலேயே தென் கலிபோர்னியாவின் பெருவீராங்கனை ஜூஜூ வாட்கின்ஸ் முழங்காலில் காயமுற்று வீழ்ந்தார். கனெக்டிகட் அணியோ தென் கலிபோர்னியாவை 78-64 என்றும், லாஸ் ஏஞ்சலிஸ் அணியை 85-51 என்றும், இறுதியில் தென் கரோலினாவை 82-59 என்றும் வென்று வாகை சூடியது. முதல் தரத்து நான்கு அணிகளில் மூன்று அதனிடம் பணிந்தன.

அப்படியானால் குழுவின் கணிப்பு பிழையா? அன்று என்பேன். தரம் என்பது சென்ற மாதங்களின் வரவு செலவுக் கணக்கு. வருகின்ற மாதத்தின் சோதிடம் அன்று. செய்தது எவ்வளவு என்று குழு கேட்கிறது. செய்யக்கூடியது எவ்வளவு என்று களம் கேட்கிறது. கேள்விகள் இரண்டாதலின் விடைகளும் இரண்டாதல் இயல்பே.

பொதுவாகப் பெண்கள் போட்டியில் முதல் தரத்தார் எளிதில் வீழ்வதில்லை. 2018-ல் முதல் தரத்து நான்கு அணிகளும் அரையிறுதியை எட்டின. 2025 வரையிலான ஆண்டுகளில் மூன்றாம் தரத்துக்குக் கீழிருந்து எழுந்து பட்டம் வென்ற அணி ஒன்றேனும் இல்லை. ஆனால் 1998 மார்ச்சு 14-ஆம் நாளை மறக்கலாகாது. அன்று பதினாறாம் தரத்து ஹார்வர்டு அணி, முதல் தரத்து ஸ்டான்ஃபோர்டு அணியை அதன் சொந்தத் தளத்திலேயே 71-67 என்று வென்றது. அலிசன் ஃபீஸ்டர் என்னும் பெண்மணி 35 புள்ளிகள் ஈட்டினார். ஆண்கள் போட்டியில் இத்தகைய அதிசயம் 2018-ல்தான் முதன்முதலாக நிகழ்ந்தது. ஸ்டான்ஃபோர்டின் சிறந்த ஆட்டக்காரர் இருவர் சில நாட்களுக்கு முன்னர்தான் முழங்கால் காயத்தால் விலகியிருந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் எதிராளி தளர்ந்திருந்தால் மட்டும் வெற்றி தானாக வந்துவிடுமா? வாய்ப்பு வந்தபோது அதனை ஏந்திக்கொள்ள ஹார்வர்டு மகளிர் ஆயத்தமாக இருந்தனர்.

நண்பர்களே, உங்களுக்கும் நாள்தோறும் தரம் குறிக்கிறார்கள். வகுப்பில் இத்தனையாவது இடம், தேர்வில் இத்தனை மதிப்பெண் என்கிறார்கள். அந்த எண்ணைப் பொய்யென்று தள்ளாதீர்கள். நேர்மையாகக் குறிக்கப்பட்டதாயின் நேற்று நீங்கள் செய்ததை அது சரியாகவே சொல்லும். ஆனால் நாளைக்கும் அதுவே என்று நம்பிவிடாதீர்கள். பதினாறாம் தரம் பெற்றவர்க்கும் ஆடுகளத்தில் கூடையின் உயரம் அதே பத்து அடிதான். முதல் தரத்தவர்க்கென்று அது தாழ்ந்து கொடுப்பதில்லை.