மகிழ்ச்சி பழகிப் பெறுவதே!

(பட்டிமன்றத் தலைப்பு: மகிழ்ச்சி அமைவதா? பழகிப் பெறுவதா?)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரே உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! பண்டிகை நாளும் அதுவுமாய்ப் பலகாரத் தட்டோடு தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு போடு போட்டுவிட்டுப் போனாங்க. நல்ல புருஷன் அமையணும், நல்ல மாமியார் அமையணும், நல்ல வாடகை வீடு அமையணும். அமைஞ்சா சந்தோஷம், அமையலேன்னா இல்லை, இதுல பழகுறதுக்கு என்ன கெடக்குன்னு கேட்டாங்க. கைதட்டல் கொட்டகையைத் தூக்கிடுச்சு. யார்ரா இவ்வளவு பலமாத் தட்டுறதுன்னு திரும்பிப் பார்க்கிறேன். முதல் வரிசையில என் மனைவி! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, முதல்ல எங்கள் அணித் தம்பி சொன்னதையே நான் கொஞ்சம் திருத்தணும். 1978-ல் அமெரிக்காவில் நடந்த லாட்டரி ஆய்வைச் சொன்னார். பரிசு விழுந்தவன் மத்தவனைவிடப் பெரிசா ஒண்ணும் சந்தோஷமா இல்லைன்னார். தம்பி, அந்த ஆய்வுல பரிசு விழுந்தவங்க மொத்தமே 22 பேர். அவங்களை வச்சு ஊருக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பின்னால ஸ்வீடன்ல ஆயிரக்கணக்கான லாட்டரிக்காரங்களைப் பார்த்து 2020-ல் எழுதினாங்க. பெரிய பரிசு விழுந்தவங்களுக்கு வாழ்க்கையில திருப்தி கூடித்தான் இருந்திருக்கு. பத்து வருஷம் தாண்டியும் அது குறையலை. அதனால பணம் வேண்டாம்னு சொல்ல நான் இங்கே வரலை. 1983-லிருந்து வங்கியில நோட்டு எண்ணினவன் நான்! வயிறு காயுறவன்கிட்டப் போய்ச் சிரிச்சுப் பழகுன்னு சொன்னா, அதுக்குப் பேர் உளவியல் இல்லை, திமிர். (கைதட்டல்)

நடுவர்: என்னய்யா, எதிரணிக்கே பேசிட்டுப் போயிருவீங்க போலிருக்கே?

வர்றேங்கய்யா. கடனைத் தீர்த்துட்டுத்தானே கணக்கைத் தொடங்கணும்!

என் கதையைச் சொல்றேன். 2014-ல் எனக்கு வயசு 53. வரவேண்டிய பதவி உயர்வு வரலை. நான் கையைப் பிடிச்சு லெட்ஜர் போடக் கத்துக்கொடுத்த பையன் எனக்கு மேனேஜரா வந்து உட்கார்ந்தான். வீட்டுக்கு வந்தேன், சாய்வு நாற்காலியில படுத்தேன். படுத்தவன்தான். வேலைக்குப் போவேன், வருவேன், படுப்பேன். நாலு மாசம். கல்யாணம் காதுகுத்துன்னு யார் கூப்பிட்டாலும் போறதில்லை. என் மனைவி பக்கத்து வீட்டு அம்மாகிட்டச் சொன்னது காதுல விழுந்துச்சு: "எங்க வீட்ல நாற்காலிக்கு ஒரு ஆள் வாங்கியிருக்கோம்!" (சிரிப்பு)

அப்புறம் அவளே பேப்பர்ல ஒரு விளம்பரத்தைப் பார்த்துட்டு, அஞ்சல் வழியில உளவியல் எம்.எஸ்ஸி. படிக்க விண்ணப்பம் வாங்கிப் பூர்த்தி பண்ணிக் கொண்டாந்து நீட்டினா. "என்னங்க, கையெழுத்து மட்டும் போடுங்க." முப்பது வருஷமா அவ நீட்டின இடத்துலதானே போட்டுக்கிட்டு இருக்கேன், போட்டேன். முதல் வகுப்புக்குப் போறேன். நான் உள்ளே நுழைஞ்சதும் அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்னுட்டாங்க, பேராசிரியர்னு நினைச்சு! நான் போய்க் கடைசி பெஞ்சில உட்கார்ந்ததும் ஒரு பையன் கேட்டான், "இன்ஸ்பெக்‌ஷனா சார்?" (சிரிப்பு)

அன்னைக்கு நடத்தினது நாய்ப் பாடம். 1967, பென்சில்வேனியா பல்கலைக்கழகம். செலிக்மன், மேயர்னு ரெண்டு இளைஞர்கள். நாய்களுக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்தாங்க. பாவப்பட்ட சோதனைதான், நான் நியாயப்படுத்தலை. ஒரு கூட்டத்துக்குத் தலையால ஒரு பலகையை அழுத்தினா அதிர்ச்சி நிக்கும். இன்னொரு கூட்டத்துக்கு என்ன செஞ்சாலும் நிக்காது. அடுத்து எல்லா நாயையும் ஒரு பெட்டிக்குள்ள விட்டாங்க. நடுவுல குட்டைத் தடுப்பு. ஒரு தாவு தாவினா அதிர்ச்சியில்லாத பக்கம் போயிரலாம். முதல் கூட்டம் தாவிருச்சு. ரெண்டாவது கூட்டத்துல பெரும்பாலான நாய் தாவலை. முனகிட்டு அப்படியே படுத்துக்கிச்சு. நமக்கு ஒண்ணும் நடக்காதுன்னு அது முடிவு பண்ணிருச்சு. அந்த நாய் யாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு நடுவர் அவர்களே. சாய்வு நாற்காலி ஞாபகம் வந்துச்சு.

அதைவிட முக்கியம் அடுத்த வருஷம் நடந்தது. படுத்த நாயை எப்படி எழுப்புறது? கூப்பிட்டுப் பார்த்தாங்க, தடுப்பையே எடுத்துப் பார்த்தாங்க, அசையலை. கடைசியில கழுத்துல கயிறு கட்டி, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம்னு திரும்பத் திரும்ப இழுத்தாங்க. பல தடவை இழுத்த பிறகு நாயே தாவ ஆரம்பிச்சது. வகுப்புல எல்லாரும் குறிப்பு எழுதுறாங்க. நான் எழுதலை. கையெழுத்து மட்டும் போடுங்கன்னு விண்ணப்பத்தோட நின்ன என் மனைவியை நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். என் கயிறு அதுதானே! (கைதட்டல்)

எதிரணி இப்போ சந்தோஷப்படும். பார்த்தீங்களா, சூழ்நிலைதானே நாயைப் படுக்க வச்சதுன்னு. இருங்க. நான் பரீட்சையெல்லாம் எழுதி முடிச்ச 2016-ல், அதே செலிக்மனும் அதே மேயரும் சேர்ந்து ஒரு கட்டுரை போட்டாங்க. ஐம்பது வருஷமா நாங்க தலைகீழாச் சொல்லிட்டோம்னு ஒத்துக்கிட்டாங்க. (நான் மனப்பாடம் பண்ணினது தண்டம்!) மேயர் இடையில மூளை ஆராய்ச்சிப் பக்கம் போய்க் கண்டது இது: விடாம அடி விழுந்தா முடங்குறது மூளையோட இயல்பு. அதை யாரும் கத்துக்கத் தேவையில்லை. நான் ஒண்ணு செஞ்சா ஒண்ணு மாறும்கிற தெம்பு இருக்கே, அதைத்தான் நாயும் கத்துக்குது, மனுஷனும் கத்துக்கிறான். நெற்றிக்குப் பின்னால இருக்கிற மூளைப் பகுதி அதைக் கத்துக்கிட்டாத்தான் முடக்கத்தை அடக்குது. சகோதரி, முடங்குறதுதான் அமைவது. எழுந்திருக்கிறது பழகுவது. உங்க தலைப்பைத் தெளிவா எடுத்துக்கோங்க! (பலத்த கைதட்டல்)

இந்தச் செலிக்மன்தான் 1998-ல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவரா இருந்தப்போ, நோயைப் பத்தியே படிச்சுக்கிட்டு இருக்கோமே, மனுஷன் எதனால நல்லா இருக்கான்னும் படிப்போம்னு கிளப்பிவிட்டார். அதுதான் நேர்மறை உளவியல், பாசிட்டிவ் சைக்காலஜி. அவருக்கு அந்த எண்ணம் வலுத்தது தோட்டத்துல களை பிடுங்கும்போது. அஞ்சு வயசு மகள் ஆடிப் பாடிக்கிட்டு இருந்தாளாம். இவர் சிடுசிடுன்னு கத்தினாராம். நான் அஞ்சு வயசுல அழுகையை நிறுத்தினேனே, நீங்க சிடுசிடுப்பை நிறுத்த முடியாதான்னு அந்தக் குழந்தை கேட்டுதாம். உளவியல் சங்கத் தலைவருக்கே வீட்ல வாத்தியார் தேவைப்பட்டிருக்கு!

இதுல ஒரு எச்சரிக்கை சொல்லணும். பாசிட்டிவ்னு பேர் வச்சு வர்றதெல்லாம் சரக்கு இல்லை. கண்ணாடி முன்னால நின்னு நான் சிங்கம்னு பத்துத் தடவை கத்தச் சொல்ற ஆளுங்க இருக்காங்க. நானும் காசு கட்டிப் போனேன், கத்தினேன். பக்கத்து வீட்டு நாய்தான் பதில் குரல் கொடுத்துச்சு. (சிரிப்பு) படிச்சவங்களும் ஏமாந்திருக்காங்க. 2005-ல் ஒரு கட்டுரை: கெட்ட உணர்ச்சி ஒண்ணுக்கு நல்ல உணர்ச்சி 2.9013 இருந்தா மனுஷன் மலர்ந்திடுவான்னு. புள்ளிக்கப்புறம் நாலு இலக்கம்! தங்கக் கடையில கூட அவ்வளவு துல்லியம் கிடையாது. அதை மாட்டிவிட்டது யாரு? நிக் பிரவுன்னு ஐம்பது வயசைத் தாண்டின ஒரு கணினித் துறைக்காரர், லண்டன்ல பகுதி நேரமா இதே நேர்மறை உளவியல் எம்.எஸ்ஸி. படிக்க வந்தவர். என்னை மாதிரி வயசான மாணவன். காற்றும் நீரும் சூடேறிச் சுழல்றதுக்குப் போட்ட சமன்பாட்டை இங்கே கொண்டாந்து ஒட்டியிருக்கீங்களேன்னு கேட்டார். இயற்பியல் பேராசிரியர் ஒருத்தரையும் உளவியலாளர் ஒருத்தரையும் சேர்த்துக்கிட்டு 2013-ல் அதே பத்திரிகையில எழுதினார். அந்தக் கணக்குப் பகுதியைத் திரும்பப் பெற்றுக்கிட்டாங்க. காசாளன்கிறதால இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தன் துறையிலேயே பொய் நோட்டைப் பிடிக்கிற துறையை நான் நம்புவேன்.

சரி, சோதிச்சுப் பார்த்ததுல நின்னது எது? 2005-ல் செலிக்மன் குழுவினர் 500 பேருக்கு மேல இணையம் வழியாச் சேர்த்து, கூறு கூறாப் பிரிச்சு, ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு பயிற்சி கொடுத்தாங்க. ஒண்ணு, ராத்திரி படுக்கும்முன் அன்னைக்கு நடந்த மூணு நல்லதை எழுதணும். எழுதினாப் போதாது, அது ஏன் நடந்துச்சுன்னும் எழுதணும். நான் முதல் நாள் எழுதினேன்: கரண்ட் போகலை. பஸ்ல இடம் கிடைச்சது. ரசம் நல்லா இருந்துச்சு. ஏன்? கரண்டுக்கும் பஸ்ஸுக்கும் எனக்குக் காரணம் தெரியலை. ரசத்துக்கு யோசிச்சேன். அன்னைக்கு அவளுக்கு முட்டி வலி. உட்கார்ந்து எழுந்திருக்க முடியலை. ஆனாலும் அம்மியில மிளகு நுணுக்கிப் போட்டிருக்கா, மிக்ஸி ரசம் எனக்கு இறங்காதுன்னு. அதை எழுதறப்போ பேனா நின்னு போச்சு. முப்பது வருஷம் இந்த ரசம் எனக்கு அமைஞ்சுதான் இருந்துச்சு, சகோதரி. தட்டுல கண்ணே படலை. நோட்டை அவ பார்த்துட்டா. "பரவாயில்லையே, பேங்க் உத்தியோகத்துல எழுத்து வேலை கத்துக் கொடுத்திருக்காங்களே"ன்னா. சொன்னாளே தவிர, அடுக்களைக்குப் போய் ரொம்ப நேரம் வெளியே வரலை.

இன்னொரு பயிற்சி, நன்றிக் கடிதம். நமக்கு நல்லது செஞ்சு, நாம நன்றி சொல்லாத ஒருத்தருக்கு விவரமா எழுதி, நேர்ல போய்க் கொடுக்கணும். எங்களுக்கு அது செய்முறைத் தேர்வு, மார்க் உண்டு. யாருக்கு எழுதுறதுன்னு நான் யோசிக்கவே இல்லை. யோசிக்காமலே தெரிஞ்சுது. அதனாலயே பத்து நாள் எழுதலை.

எங்க அண்ணன். அப்பா போனப்போ அவருக்கு 14 வயசு. எட்டாம் வகுப்போட நிறுத்திட்டுப் பஞ்சு மில்லுக்குப் போனார், நான் படிக்கணும்னு. அந்த அண்ணனோட நான் ஆறு வருஷமாப் பேச்சு வார்த்தை இல்லை. பூர்வீக வீட்டைப் பாகம் பிரிச்சதுல நடுச்சுவர் ஒரு அடி என் பக்கம் வந்திருச்சுன்னு சண்டை. வக்கீல் நோட்டீஸ் விட்டேன். என்னைப் படிக்க வச்ச மனுஷனுக்கு நான் வாழ்நாள்ல அனுப்பின ஒரே கடுதாசி அதுதான், நடுவர் அவர்களே.

எழுதி எடுத்துக்கிட்டு பஸ் ஏறினேன். திண்ணையில உட்கார்ந்திருந்தார். வாடான்னும் சொல்லலை, போடான்னும் சொல்லலை. நின்னுக்கிட்டே படிச்சேன். நான் காலேஜ்ல சேர ஃபீஸ் கட்ட முடியாம நின்னப்போ அவர் சைக்கிளை வித்ததையும், அதுக்கப்புறம் மில்லுக்கு நடந்தே போனதையும் எழுதியிருந்தேன். மதினி கதவோரம் முந்தானையை வாயில வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. படிச்சு முடிச்சேன். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டுக் கேட்டார், "ஏண்டா, உடம்புக்கு எதுவும் செய்யுதா? டாக்டர் ஏதும் சொல்லிட்டானா?" (சிரிப்பு)

இல்லண்ணே, படிப்புக்கு எழுதச் சொன்னாங்கன்னேன். கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் மெதுவாக் கேட்டார், "சைக்கிள் களவு போச்சுன்னுதானடா வீட்ல சொன்னேன். வித்தது உனக்கு எப்படித் தெரியும்?"

வாங்கின சைக்கிள் கடைக்காரர் எனக்கு அப்பவே சொல்லிட்டார் நடுவர் அவர்களே. பதினேழு வயசுலேயே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நோட்டீஸ் விட்டவன் நான்.

(அரங்கில் அமைதி)

எதிரணி என்ன சொல்லப் போறாங்கன்னு தெரியும். அப்படிப்பட்ட அண்ணன் உனக்கு அமைஞ்சாரே, அதுதானே சந்தோஷம்னு சொல்வாங்க. ஆமாம்மா, அமைஞ்சார்! கோடியில ஒருத்தனுக்கு அமையாத அண்ணன் அமைஞ்சார். அமைஞ்சும் ஆறு வருஷம் அந்தத் தெருப் பக்கம் போகாமக் கெடந்தேனே, அமைஞ்சது எனக்கு என்னத்துக்கு ஆச்சு? 53 வயசுக்கு மேல ஒருத்தர் பயிற்சின்னு சொல்லி, மார்க்குன்னு மிரட்டி, பஸ் ஏத்தி விட்டாத்தானே அந்த அண்ணன் எனக்குக் கிடைச்சார்? (பலத்த கைதட்டல்)

அதே ஆய்வுல இன்னொண்ணும் இருக்கு. மூணு நல்லது எழுதினவங்களுக்குப் பலன் ஆறு மாசம் வரை தெரிஞ்சது. நன்றிக் கடிதத்துக்கு ஆரம்பத்துல ஏத்தம் அதிகம், ஆனா ஒரு மாசம்தான் நின்னுச்சாம். அதனால நான் மாசம் ஒரு தடவை ஊருக்குப் பஸ் ஏறிடுறேன். கடிதமெல்லாம் கிடையாது. திண்ணையில உட்கார்ந்து பேசுவோம், பாதி நேரம் சும்மா இருப்போம்.

மணி அடிக்கிறீங்க, முடிச்சுக்கிறேன். இந்த நிகழ்ச்சியை அண்ணன் இப்போ பார்த்துக்கிட்டு இருப்பார். அண்ணே, அந்த நடுச்சுவர் ஒரு அடி தள்ளித்தான் இருக்கு, அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. (சிரிப்பு) பொங்கலுக்கு வர்றேன், அளந்துக்கலாம்.