வீட்டில் விமானம் ஓட்ட ஒரு கம்ப்யூட்டர்: டியூன் செய்த பெட்டிக்குக் கூடுதல் பணம் தரலாமா?

(மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில், நம் கம்யூனிட்டி ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் சார் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, ஓய்வூதியதாரர்களின் வருமான வரி பற்றித்தான் கேட்பார் என்று நினைத்தேன். போன முறை அதைத்தான் பேசினேன், பாதிப் பேர் தூங்கிவிட்டீர்கள். இந்தத் தடவை அவர், "உங்கள் வீட்டில் ஒரு விமானம் இருக்கிறதாமே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்.

விமானம் இல்லை, ஒரு கம்ப்யூட்டர்தான். அதில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் போட்டிருக்கிறேன். 1982ல் முதன்முதலாக ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்கு வந்த மென்பொருள் அது. இப்போது 2020, 2024 என்று இரண்டு புதிய பதிப்புகள் இருக்கின்றன. எக்ஸ்-பிளேன் என்று இன்னொன்றும் உண்டு. உலகத்தின் எந்த விமான நிலையத்திலிருந்தும் கிளம்பி எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். நம் மொட்டை மாடியிலிருந்து தினமும் பார்க்கிறோமே, மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள், அதே 25ஆம் ஓடுபாதையில் கடல் பக்கமிருந்து வந்து நானும் இறக்குகிறேன். பரங்கிமலை, அடையாறு எல்லாம் தெரியும். நம் குடியிருப்பு இருக்கும் இடத்தில் மட்டும் கம்ப்யூட்டரே கற்பனை செய்த வேறு ஏதோ ஒரு கட்டடம் நிற்கும், அதற்கு மெயின்டனன்ஸ் கட்ட வேண்டியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம்மில் மூன்று பேர் இதை வாங்க நினைக்கிறீர்கள் என்று தெரியும். ஒருவர் 2,60,000 ரூபாய்க்கு கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறார். அதில் "ஃப்ளைட் சிமுலேட்டருக்கென்றே நிபுணர்கள் டியூன் செய்தது" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. நம் கையில் இருப்பது கிராஜுவிட்டி பணம், லீவ் என்கேஷ்மென்ட் பணம். இன்னொரு முறை வராது. அந்த "டியூன்" என்ற சொல்லுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

இந்த வியாபாரம் எப்படி வந்தது என்று பாருங்கள். 2006ல் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் என்ற பதிப்பு வந்தது. அதன் வேலையில் பெரும்பகுதியை பிராசஸரின் ஒரே ஒரு கோர்தான் சுமந்தது. நாம் வேலை பார்த்த வங்கிக் கிளையை நினைத்துக்கொள்ளுங்கள். கவுண்டர் பன்னிரண்டு இருக்கும். ஆனால் ஒவ்வொரு வவுச்சருக்கும் ஒரே ஆபீசர்தான் இனிஷியல் போட வேண்டும். கவுண்டரை இருபது ஆக்கினாலும் கூட்டம் அவர் மேசை முன்னால்தான் நிற்கும். அவர் கை வேகமாக ஓடினால்தான் கிளை ஓடும். அதனால் அந்தக் காலத்தில் பிராசஸரை அதன் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவார்கள், ஓவர்கிளாக்கிங் என்று பெயர். மூன்றை நான்காக்கினால் படம் கண்ணுக்குத் தெரியும்படி சீராகும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதையே தொழிலாகச் செய்து, டியூன் செய்த பெட்டியாக விற்றவர்கள் உண்டு. வாங்கியவர்களுக்கு அந்தப் பணம் வீணில்லை.

இப்போது நிலைமை வேறு. புதிய பதிப்புகள் வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன, ஆனாலும் அந்த ஒரு ஆபீசர் இன்னும் இருக்கிறார். பெரிய விமானத்தில் பெரிய நகரத்தில் இறங்கும்போது அவர் மேசையில்தான் இன்னும் தேக்கம். ஆனால் இன்றைய பிராசஸர்கள் சூடு அனுமதிக்கும் வரை தாங்களே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. மனிதர் கை வைத்துக் கூட்டுவதற்கு மிச்சம் அதிகமில்லை. சிமுலேட்டர் ஓட்டுபவர்கள் விரும்பும் ரைசன் 7 7800எக்ஸ்3டி போன்றவற்றில், வேகத்தை ஏற்றும் அந்தப் பெருக்கெண்ணையே பூட்டித்தான் விற்கிறார்கள்.

அந்த பிராசஸரை ஏன் விரும்புகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குள்ளேயே 96 எம்.பி. கேஷ் நினைவகம் இருக்கிறது. அதே வரிசையில் வரும் சாதாரண 7700எக்ஸில் 32தான். லெட்ஜர் மேசை மேலேயே இருந்தால் ஒரு நிமிடத்தில் பதிவு முடியும். ஒவ்வொன்றுக்கும் ரெக்கார்ட் ரூமுக்கு ஓடினால்? விமானம் பறக்கும்போது கம்ப்யூட்டர் புரட்டும் லெட்ஜர்கள் ஆயிரக்கணக்கானவை. ஆக, அன்று டியூனிங் செய்த வேலையின் பெரும்பகுதியை இன்று சரியான பிராசஸரைத் தேர்ந்தெடுப்பதே செய்துவிடுகிறது.

அப்படியானால் டியூனிங் என்பது ஏமாற்றா என்றால், அதுவும் இல்லை. செய்ய வேண்டிய வேலை இருக்கிறது, சின்னச் சின்ன வேலை, ஆனால் செய்யாவிட்டால் போட்ட பணம் தூங்கும். உதாரணம், ராம். 6000 என்று அட்டையில் போட்டு விற்கும் டிடிஆர்5 ராம், அமைப்பை மாற்றாவிட்டால் பெரும்பாலும் 4800ல்தான் ஓடும். பயாஸ் என்ற இடத்தில் போய் ஒரு புரொஃபைலை இயக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாமலே டெலிவரி கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. எனக்கு வந்த பெட்டியும் முதலில் அப்படித்தான் இருந்தது. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரி பக்கத்தில் ஸ்பீட் என்ன என்று பாருங்கள், தெரிந்துவிடும். கடைக்காரருக்கு போன் செய்தேன், "அது கண்ணுக்கே தெரியாது சார்" என்றார். "கண்ணுக்குத் தெரியாததற்கு என்னிடம் ஏன் பணம் வாங்கினீர்கள்?" என்று கேட்டேன். மறுநாள் ஆள் வந்து சரி செய்துவிட்டுப் போனார்.

முக்கியமானது சூடு. சென்னையில் மே மாதம் மதியம், ஏ.சி. போடாத அறையில், இந்தப் பெட்டி இரண்டு மணி நேரம் முழு மூச்சில் ஓட வேண்டும். சூடு எல்லை தாண்டினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாம் விலை கொடுத்த வேகம் அங்கேயே போய்விட்டது. நல்ல காற்றோட்டமுள்ள கேபினட், சரியான கூலர், விசிறிகள் எந்த வெப்பத்தில் எவ்வளவு சுற்ற வேண்டும் என்ற அமைப்பு, இவைதான் இன்றைக்கு உண்மையான டியூனிங். கடைக்காரரிடம், "எத்தனை மணி நேரம் சோதித்தீர்கள், அப்போது அறை வெப்பம் எவ்வளவு, பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் எத்தனை டிகிரி வரை போயின?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 22 டிகிரி ஏ.சி. ஷோரூமில் எடுத்த சோதனைக்கு நம் வீட்டில் மதிப்பில்லை.

எதையும் எல்லைக்கு மேல் ஓட்டுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் அதிக மின்னழுத்தத்தால் கோளாறு வருவதாக 2024ல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்து, பயாஸ் வழியாகத் திருத்தமும் கொடுத்தது. யாராவது அந்தத் தலைமுறை ஐ9 பெட்டியை, டியூன் செய்தது என்று பழைய விலைக்கு விற்க வந்தால், அந்த பயாஸ் திருத்தம் போட்டதா என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இனி என் கணக்கு. விலைவாசி மாதாமாதம் மாறும், இது நான் வாங்கிய நேரத்துக் கணக்கு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு கடை ஏறி இறங்கி, பாகங்களை மட்டும் தனித்தனியாக வாங்கினால் ஜி.எஸ்.டி. உட்பட 1,52,000 வந்தது. அதே பாகங்களை அசெம்பிள் செய்து, டியூன் செய்து, வீட்டில் கொண்டுவந்து வைக்க 1,71,000 கேட்டார்கள். வித்தியாசம் 19,000. என் அக்கா பையன், "மாமா, யூடியூப் பார்த்து நீங்களே மாட்டலாம், ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும்" என்றான். மாட்டலாம்தான். ஆனால் எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பிராசஸர் உட்காரும் இடத்தில் முடி மாதிரி ஊசிகள். வளைந்தால் மதர்போர்டு போச்சு. அதைவிடப் பெரிய விஷயம், ஒரு நாள் பெட்டி ஆன் ஆகவில்லையென்றால் எந்தப் பாகம் கோளாறு என்று கண்டுபிடிக்க மாற்றுப் பாகம் வேண்டும். அது கடையில் இருக்கும், நம் வீட்டில் இருக்காது. 19,000ஐ ஐந்து ஆண்டுக்குப் பிரித்தேன், ஆண்டுக்கு 3,800, மாதம் 317 ரூபாய். பொறுப்பேற்க ஒரு ஆள் இருப்பதற்கு அது சரியான தொகை என்று என் மனைவியும் ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்டதற்கு ஒரு நிபந்தனை உண்டு, மருத்துவச் செலவுக்கென்று போட்ட டெபாசிட்டைத் தொடக் கூடாது. தொடவில்லை.

இதுவே வித்தியாசம் 60,000, 70,000 என்றால் நான் திரும்பி வந்திருப்பேன். மேலே சொன்ன கொட்டேஷனை நம் நண்பர் என்னிடம் காட்டினார். பாகங்களைக் கூட்டினால் 1,90,000 தாண்டவில்லை. மீதி 70,000 எதற்கு என்று அவர் எழுத்தில் கேட்டிருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை.

அந்த 19,000க்கு நான் என்ன வாங்கினேன் என்றால், காகிதம். 34 ஆண்டு கிளார்க் வேலை பார்த்தவனுக்கு வேறு என்ன தெரியும்? இன்வாய்ஸில் "கம்ப்யூட்டர், 1 எண்ணம்" என்று போடவிடவில்லை. ஒவ்வொரு பாகத்தின் பெயர், மாடல், சீரியல் நம்பர் எல்லாம் தனித்தனி வரியில். ஏனென்றால் கிராபிக்ஸ் கார்டுக்கும் பிராசஸருக்கும் பெரும்பாலும் தயாரிப்பாளர் தருவது 3 ஆண்டு வாரண்டி. கடை நாளைக்கு மூடிவிட்டாலும் அந்தச் சீரியல் நம்பரும் பில்லும் இருந்தால் தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டருக்கு நேராகப் போகலாம். பிராசஸர் அட்டைப்பெட்டியோடு வர வேண்டும். டிரேயில் மொத்தமாக வாங்கியதைச் செருகினால் விலை குறையும், ஆனால் பொதுவாக வாரண்டி கடைக்காரர் வாய்ச்சொல்தான். காலி அட்டைப்பெட்டிகளையும் கேட்டு வாங்கி லாஃப்ட்டில் போட்டிருக்கிறேன். லாஃப்ட்டில் இடமில்லை என்று வீட்டில் தினமும் ஒரு வார்த்தை வாங்குகிறேன், பரவாயில்லை.

முழுப் பணத்தையும் முன்னால் யுபிஐயில் அனுப்பச் சொல்பவரிடம் வாங்க வேண்டாம். முகவரி தெரியாத ஆன்லைன் அசெம்ப்ளருக்கு அட்வான்ஸ் அனுப்பிவிட்டு சைபர் கிரைம் 1930க்கு போன் செய்வதை நாம் இந்த வளாகத்திலேயே பார்த்துவிட்டோம், அது சோபா செட் என்றாலும். அதேபோல, "நோ காஸ்ட் இ.எம்.ஐ." என்றால் செலவே இல்லை என்று அர்த்தமில்லை. பிராசசிங் கட்டணம் இருக்கும், வட்டிப் பகுதியின் மேல் ஜி.எஸ்.டி. இருக்கும். ஒரு தவணை தவறினால் கிரெடிட் கார்டு மாதம் 3 சதவீதத்துக்கு மேல் போடும். பென்ஷன் லோன் எடுத்து இதை வாங்குவதாக இருந்தால், வங்கிக்காரனாகச் சொல்கிறேன், வேண்டாம். கையில் இருக்கும் பணத்துக்குள் வாங்குங்கள். 1,00,000க்குள்ளும் நன்றாகவே பறக்கலாம். துப்பாக்கிச் சண்டை விளையாடும் பிள்ளைகளுக்குத்தான் நொடிக்கு 144 படம் வேண்டும். பயணிகள் விமானம் ஓட்ட, சீராக 30 இருந்தால் எனக்குத் திருப்தி.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பறக்கும்போது என் பெட்டியும் மானிட்டரும் சேர்ந்து 400 வாட் வரை இழுக்கின்றன. தினம் 3 மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 70 யூனிட் கூடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் மின்வாரியத்தின் ஸ்லாப் கணக்கே மாறிவிடும், அதனால் வெயில் காலத்தில் நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் பறப்பேன். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் வருவதற்குள் சில நொடி இடைவெளி இருக்கிறது, அதற்கு யு.பி.எஸ். வேண்டும். வீட்டில் ஏற்கனவே மோடத்துக்கு வைத்திருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். சுமார் 360 வாட்தான் தாங்கும், மாட்டினால் கத்திவிட்டு அணைந்துவிடும். சைன் வேவ் யு.பி.எஸ்.ஸாக, பெரியதாகப் பாருங்கள். 2024 பதிப்பு காட்சிகளை இணையத்திலிருந்து பறக்கப் பறக்க எடுக்கும், அதற்கு 50 எம்.பி.பி.எஸ். இணைப்பைப் பரிந்துரைக்கிறார்கள். வைஃபை மூன்று சுவர் தாண்டி வர வேண்டியிருந்தால் ஒரு கேபிள் இழுத்துவிடுவது நல்லது. நாற்காலிக்கு அடியில் மாட்டும் அதிர்வு ஸ்பீக்கர் ஒன்று விற்கிறார்கள், விமானம் தரை தொடும்போது உடம்பு குலுங்கும். கீழ் வீட்டுக்காரருக்கும் குலுங்கும். அதை வாங்காதீர்கள், அசோசியேஷனில் புகார் எழுத இடமில்லை.

பெட்டி வந்த அன்று, கடை ஆள் கிளம்புவதற்கு முன் ஒன்று பாருங்கள். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறதா, அல்லது மேலே மதர்போர்டில் இருக்கிறதா? மதர்போர்டில் செருகினாலும் படம் வரும், 60,000 ரூபாய் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் உங்கள் பெயரில் முறையாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு அவர் எதிரிலேயே ஒரு மணி நேரம் பறந்து காட்டச் சொல்லுங்கள், டீ கொடுங்கள்.

கொட்டேஷன் வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் என் வீட்டுக்குக் கொண்டு வரலாம், வரி வரியாகச் சேர்ந்து பார்ப்போம். பறந்து பார்க்க விரும்புபவர்களும் வரலாம், ஒரே நாற்காலிதான் இருக்கிறது, முன்னால் போன் செய்துவிட்டு வாருங்கள்.