திமிங்கிலத்துக்கு நூறு மீற்றர்



மாரிக் கொந்தளிப்பு அடங்கி நம் கிழக்குக் கடல் தணிந்ததும் திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளிக் கரைகளிலிருந்து நீலத் திமிங்கிலம் பார்க்கப் படகுகள் புறப்படும். அதே மாதங்களில்தான் அறுகம்பேயில் சுற்றுலாப் பயணிகள் நிறைவார்கள். அக்கரைப்பற்று, ஒலுவில், சாய்ந்தமருது படகுகள் தொழிலுக்குத் தூரம் போகும். திமிங்கிலத்துக்கு நூறு மீற்றருக்குள் படகு நெருங்கக்கூடாது என்று வனஜீவராசிகள் திணைக்களத்தின் 2012ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. கொழும்பில் உட்கார்ந்து யாரோ போட்ட கணக்கு என்று பலர் இதை எண்ணுகிறார்கள். என் பார்வையில் அந்த நூறு மீற்றர், அந்த உயிர் மூச்செடுப்பதற்கு நாம் விடும் அவகாசம்.

திமிங்கிலம் மீனல்ல, நம்மைப் போலக் காற்றைச் சுவாசிப்பது. நீலத் திமிங்கிலம் மேலே வந்து ஊதும்போது நீராவி ஒன்பது, பத்து மீற்றர் உயரத்துக்கு எழும். சில நிமிடங்களுக்குள் பல தடவை மூச்செடுத்து, முதுகை வளைத்து இறங்கிவிடும். ஆழத்தில் இரை தேடும் நேரம் முழுவதற்கும் வேண்டிய காற்றை அந்தச் சில நிமிடங்களில்தான் அது சேர்த்தாக வேண்டும். இலங்கைக் கடலில் அதன் முக்கிய இரை, நம் அடுப்படிக்குத் தெரிந்த கூனியின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு இறால். அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு சின்னத் தீன்! படகு விரட்டினால் அது பாதி மூச்சில் முங்குகிறது, சீக்கிரம் மேலே வரவேண்டியிருக்கிறது, இரை குறைகிறது. ஒரு படகு ஒரு தடவை செய்தால் பெரிய நட்டமில்லை. விடிந்ததிலிருந்து படகு மாறிப் படகு துரத்தினால்? உலகின் மற்ற நீலத் திமிங்கிலங்கள் பல, இரைக்காகத் துருவக் கடல்களுக்குப் போய்வரும். நம்முடையவை ஆண்டு முழுவதும் இந்த வெப்பக் கடலையே நம்பி வாழ்பவை.

"கப்பல் மோதித்தானே திமிங்கிலம் சாகிறது, எங்கள் சின்னப் படகு என்ன செய்யும்?" என்று கேட்பார்கள். முதற்பாதி உண்மை. தெவிநுவரைக்குத் தெற்கே செல்லும் கப்பல் பாதையில் அப்படி இறந்தவை உண்டு. அதனால்தான் 2022இல் எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை இன்னும் தெற்கே விலக்கி ஓட்டத் தொடங்கியது. ஆனால் பெருங்கப்பலால் நினைத்தவுடன் நிற்க முடியாது. நம் படகோட்டி கண்ணால் கண்டு, கையால் வேகத்தைக் குறைக்கக்கூடியவர். பிறகு எஞ்சின் சத்தம். நீருக்குள் ஒலி காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் பாயும். எண்ணெய்த் திமிங்கிலம் இருட்டு ஆழத்தில் கணவாயைத் தேடுவதே, தான் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கேட்டுத்தான்; எஞ்சின் இரைச்சல் அதைக் குழப்பும்.

ஆகவே தூரத்தில் ஊதல் தெரிந்தவுடனேயே வேகத்தைக் குறைக்க வேண்டும். முன்னால் போய் மறிக்கக்கூடாது, வாலுக்குப் பின்னால் விரட்டவும் கூடாது. பக்கவாட்டில், அது போகும் திசையிலேயே மெதுவாகப் போகலாம். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே ஒருபோதும் நுழையக்கூடாது. அதுவாகவே கிட்ட வந்தால் எஞ்சினை நியூட்றலில் போட்டுவிட்டுக் காத்திருங்கள். இது நம் உயிருக்கும் காவல். இருபது மீற்றருக்கு மேல் நீளமான உயிர் அது. நம் ஃபைபர் படகு அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அது எழும்பும் இடத்தில் நாம் நின்றால் அதன்மேல் குற்றமில்லை. அதைவிட அடிக்கடி வரக்கூடிய ஆபத்து, படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் பாய்வது. உயிர்காப்பு அங்கியை இருக்கைக்கடியில் வைத்திருந்து பயனில்லை.

வயிற்றுப்பாட்டுக் கேள்வியைத் தட்டிவிட முடியாது. கிட்டப் போகாவிட்டால் பயணி காசு தரமாட்டான், பக்கத்துப் படகு போய்விடும் என்கிறார்கள். தெற்கே மிரிஸ்ஸவில் இந்தப் போட்டிதான் ஒரே திமிங்கிலத்தைப் பல படகுகள் சூழ்வதில் முடிந்தது. பயந்து முங்கியதை எந்தப் படகாலும் காட்ட முடியாது. தொந்தரவில்லாமல் விட்டால் அது மூச்சை முடித்து ஆறுதலாக இறங்கும். இறங்கும்போது வாலைத் தூக்கிக் காட்டும் பழக்கம், மற்றக் கடல்களின் நீலத் திமிங்கிலங்களைவிட இலங்கைக் கடலில் உள்ளவற்றுக்குக் கூடுதல். பயணி கேட்பதும் அந்த வாலைத்தான். நடுக்கடலில் யார் வந்து அளக்கப்போகிறார்கள் என்றால், எல்லா நாளும் யாரும் வரமாட்டார்கள்தான். அதனால் ஒரு கரையின் படகுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே தூரத்துக்கு உடன்பட வேண்டும். எவ்வளவு கிட்டப் போவோம் என்பதைக் காசு வாங்குமுன், கரையிலேயே பயணியிடம் சொல்லிவிட வேண்டும்.